ஐம்பதாண்டுக் கணக்கு, இரண்டாண்டு வேலை

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பணி விளம்பரங்களில் மாறாத வரி ஒன்று உண்டு. பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடிகிற அன்று பணியும் முடியும் என்பது அது. அதற்கு மேலே தகுதி: எம்.இ. அல்லது எம்.டெக்., கேட் அல்லது நெட் தேர்ச்சி, பைத்தானும் மேட்லாபும் தெரிந்திருந்தால் முன்னுரிமை. அதற்கும் மேலே வேலை என்னவென்று இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைத் தனியே பிரித்துக் காட்டும் அல்காரிதம், பாலத்தின் அதிர்விலிருந்து விரிசலைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம், இதய ஒலியிலிருந்து வால்வுக் கோளாறைச் சொல்லும் அல்காரிதம். கடைசியில் மாதத் தொகை. அதைச் சம்பளம் என்று எழுத மாட்டார்கள், உதவித்தொகை என்பார்கள்.

இந்த விளம்பரங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். இன்று மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிற கணக்குகளை எழுதியவர்கள் அப்போது என்ன வேலையில் இருந்தார்கள்? இந்த விளம்பரத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்குமா?

சி.டி. ஸ்கேனிலிருந்து தொடங்கலாம். அந்த மேசையில் படுத்தவருக்குத் தெரிவது ஒரு வளையம் மட்டும். வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் சுற்றுகிறது. உடலைக் கடந்து வந்த கதிர் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று எதிர்ப்பக்கத்து உணரிகள் ஒவ்வொரு கோணத்திலும் குறித்துக்கொள்கின்றன. இதுவரை படம் எதுவும் பிறக்கவில்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு கோட்டின் வழியில் இருந்த எல்லாவற்றின் கூட்டுத்தொகை. பூசணிக்காயை வெட்டாமல், சுற்றிச் சுற்றி அதன் நிழலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே அழுகல் எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். எளிய வழி, ஒவ்வோர் எண்ணையும் அது வந்த கோட்டின் மேலேயே திரும்பப் பூசிவிடுவது. எல்லாக் கோணத்துக்கும் பூசி முடித்தால் ஓர் உருவம் வரும், ஆனால் வேட்டியில் பட்ட எண்ணெய்க் கறை மாதிரி விளிம்பெல்லாம் பரவி நிற்கும். பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் செலுத்தி விளிம்புகளைத் தூக்கிக் காட்டிவிட்டால் கறை நீங்கிவிடும்.

அந்த வடிகட்டியின் பெயர் ராம்–லாக். ராம் என்பது ஜி.என். ராமச்சந்திரன், லாக் என்பது ஏ.வி. லட்சுமிநாராயணன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவிலிருந்து 1971இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் வந்த ஐந்து பக்கக் கட்டுரை அது. அதுவரை இந்தக் கணக்கைப் பெரும்பாலும், எண்களை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் உருமாற்றம் வழியாகப் போய்த் திரும்பித்தான் செய்தார்கள். அன்றைய கணினிகளுக்கு அது பெரும் சுமை. அத்தனை சுற்று வேண்டாம், நிழலில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டிக் கழித்தாலே போதும் என்று இவர்கள் காட்டினார்கள். கட்டுரையின் தலைப்பில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் எக்ஸ்ரே படங்களும் இருக்கின்றன, நோயாளி இல்லை. மூலக்கூறுகளின் வடிவத்தை அறிவதுதான் அவர்களுடைய தொழில்.

ராமச்சந்திரன் அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1952இல் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. சர் சி.வி. ராமனை அழைத்தார்கள், அவர் தனக்குப் பதில் தன் மாணவனைக் கைகாட்டினார் என்பது தெரிந்த கதைதான். கோலாஜன் புரதத்தின் மூன்று இழைச் சுருளை 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் முன்வைத்தபோது, ஆய்வுக்கான கோலாஜன் பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. தோல் பதனிடுவோரின் பொருளில் தொடங்கி, புரதத்தின் மடிப்புக்குப் போய், அங்கிருந்து படிகங்களின் கணக்கைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே படத்துக்கு வந்து சேர்ந்த ஒரு வழி இது. எந்தத் திட்ட முன்மொழிவிலும் இப்படியொரு வழியை யாரும் எழுதியிருக்க முடியாது.

நிழலிலிருந்து உருவத்தை மீட்கும் இதே கணக்கை ஆஸ்திரேலியரான ரொனால்ட் பிரேஸ்வெல் ஸ்டான்ஃபோர்டில் 1967இலேயே தன் சகா ரிடிலுடன் எட்டியிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வானொலித் தொலைநோக்கியில் விழும் விண்பொருள்களின் படம். இன்னும் பின்னால் போனால் ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917இல், எதற்கும் பயன்படும் என்ற நினைப்பே இல்லாமல், இதன் முழுக் கணிதத்தையும் எழுதி வைத்துவிட்டார்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் ஆலன் கார்மாக். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். ஊரிலிருந்த குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் இடத்தில் தகுதியுள்ள இயற்பியலாளர் ஒருவர் மேற்பார்வை செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஊரில் அணுக்கரு இயற்பியல் தெரிந்தவர் கார்மாக் ஒருவர்தான். ஆகவே 1956இன் முதல் பாதியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் மருத்துவமனைக்குப் போனார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டமிடுகிறவர்கள் உடலுக்குள் எல்லாமே ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதைக் கண்டு அவருக்கு அரித்தது. உள்ளே இருக்கும் எலும்பையும் நுரையீரலையும் வெளியிலிருந்தே அளக்க முடியாதா என்று யோசித்தார். அலுமினிய உருளையைச் சுற்றி மரவளையம் வைத்துச் சோதித்தார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை. வந்த சில கடிதங்களில் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது. மலைமேல் படிந்த பனியின் ஆழத்தை இந்த முறையால் அளக்கலாம், கருவியைப் பனிக்கு அடியில் கொண்டுபோய் வைக்க முடிந்தால்!

1979இல் கார்மாக்குக்கும் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக ஆள் கிடையாது, இசைத்தட்டுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். அவருடைய முதல் ஆய்வக ஸ்கேன் எடுக்க ஒன்பது நாள் ஆனது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில்தான் எல்லாம் பிறக்கிறது என்று யாராவது பெருமை பேசினால் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைச் சொல்லி வாயடைக்கலாம். இன்னொன்றும் உண்டு. கார்மாக் முனைவர் பட்டம் பெறாதவர். ஹவுன்ஸ்ஃபீல்டிடம் பல்கலைக்கழகப் பட்டமே இல்லை, பட்டயம்தான். இன்றைய விளம்பரத்துக்கு இருவரும் விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பங்கள் எழுத்தர் மேசையிலேயே நின்றுவிடும்.

இப்படித் துறை விட்டுத் துறை தாவிய கணக்குகளை அடுக்கினால் பட்டியல் நீளும். வேகமான ஃபூரியர் உருமாற்றத்தை 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். அதன் பின்னணியில் இருந்தது, சோவியத் ஒன்றியம் நிலத்தடியில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறதா என்பதை நில அதிர்வுமானிகளின் பதிவிலிருந்து கண்டுபிடிக்கும் அவசரம். ஐ.பி.எம்.மில் இருந்த கூலிக்கு அதைச் சொல்லாமல், ஹீலியம் படிகத்தின் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சொல்லித்தான் வேலை வாங்கினார்கள். இன்று எம்.ஆர்.ஐ. மையத்தில் வரும் படம் ஏறக்குறைய ஒவ்வொன்றும் அந்தக் கணக்கின் வழியாகத்தான் வருகிறது. விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிட போயிங் நிறுவனத்தில் டர்னர், கிளஃப் முதலானோர் 1956இல் வெளியிட்ட முறை பின்னாளில் ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று பெயர் பெற்றது. அதே முறையில் ரத்தக் குழாய்க்குள் ஓடும் ரத்தத்தைக் கணக்கிட்டு சார்லஸ் டெய்லர், தாமஸ் ஹியூஸ், அறுவை மருத்துவர் கிறிஸ்டோபர் ஸாரின்ஸ் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1998இல் எழுதினார்கள். இதயத்துக்குக் கம்பிக் குழாய் செலுத்தாமல், சி.டி. படத்தை மட்டும் வைத்து அடைப்பின் கடுமையைச் சொல்லும் ஹார்ட்ஃப்ளோ என்ற மென்பொருளாக அது அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது 2014இல். இடையில் பதினாறு ஆண்டுகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எம்.ஆர்.ஐ. நேரத்தைக் குறைத்த ‘கம்ப்ரெஸ்டு சென்சிங்’கும் இப்படித்தான். குறைவான அளவீடுகளிலிருந்து முழுப் படத்தை மீட்க முடியும் என்று 2004 முதல் 2006க்குள் இம்மானுவேல் காண்டேஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் ஒரு பக்கமும் டேவிட் டோனோஹோ இன்னொரு பக்கமும் நிறுவினார்கள். டோனோஹோ இளமையில் எண்ணெய் தேடும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குள் ஒலி அனுப்பி எதிரொலி வாங்கும் அந்தத் தொழிலில், கைக்குக் கிடைத்த அரைகுறைத் தரவிலிருந்து சில கூர்மையான அடுக்குகளை மட்டும் தேடி எடுக்கும் தந்திரம் 1970களிலிருந்தே புழங்கியது. காண்டேஸும் டாவும் தம் பிள்ளைகளை ஒரே மழலையர் பள்ளியில் விடப் போகும்போது இதைப் பேசிக்கொண்டார்கள். அந்தக் கணிதத்தை எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மிக்கி லுஸ்டிக் அப்போது ஸ்டான்ஃபோர்டில் மாணவர். கணிதக்காரரும் மின்பொறியியல் மாணவரும் குழந்தை மருத்துவமனையின் கதிரியல் மருத்துவரும் ஒரே வளாகத்தில் நடந்து போய்ச் சந்திக்க முடிந்தது. மூச்சை அடக்கத் தெரியாத குழந்தையை நீண்ட நேரம் மயக்கத்தில் வைக்காமல் படம் எடுக்க வேண்டும் என்ற தேவையை அந்த மருத்துவர்கள் முன்வைத்தார்கள். 2017இல் பெரிய ஸ்கேனர் நிறுவனங்கள் இதற்கு அனுமதி வாங்கி விற்கத் தொடங்கின. சுமார் பத்தாண்டு.

ஆக, பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கு இரண்டு வகையில் உதவியிருக்கிறது. ஒன்று, ஆளைச் சுற்ற விட்டது. மற்றது, சில இடங்களில் மட்டும், முடிக்கும் வரை இருக்க விட்டது. இப்போதுள்ள வேலைகளின் அமைப்பு இரண்டுக்கும் இடம் தரவில்லை என்பதே என் வழக்கு.

அமைப்பைப் பார்ப்போம். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், அதற்கு முன் 31,000. இரண்டு ஆண்டு கழிந்து எஸ்.ஆர்.எஃப். எனும் முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000. முனைவர் பட்டத்துக்குப் பின் ரிசர்ச் அசோசியேட் ஆகச் சேர்ந்தால் நிலைக்கேற்ப 58,000 முதல் 67,000 வரை. வீட்டு வாடகைப்படி தனி. பிரதமரின் ஆய்வு உதவித்தொகை கிடைத்த சிலருக்கு மட்டும் தொடக்கமே 70,000. எம்.டெக். முடித்த மாணவியின் அப்பா கேட்கும் முதல் கேள்வி இந்தத் தொகையைப் பற்றி, இரண்டாவது கேள்வி அதற்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி. முதல் கேள்விக்கு இப்போது ஓரளவு கௌரவமான பதில் இருக்கிறது. தொகை மாதாமாதம் ஒழுங்காக வந்தால் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆய்வு மாணவர்கள் கூடும் தேநீர்க் கடையில் அரியர்ஸ் பற்றிப் பேசாமல் பேச்சு முடிவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு எங்குமே பதில் கிடையாது. ஜெர்மனியில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று ஒப்பந்த வேலைக்கு வரம்பு. மருத்துவத்தில் மட்டும் பின்னது ஒன்பது. பேராசிரியர் ஆகவில்லை என்றால் வெளியே. இந்த ஏற்பாடு புதுமையை வளர்க்கிறது என்று விளக்க அமைச்சகம் ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளரை வைத்து ஒரு படம் எடுத்திருந்தது. 2021இல் ஆயிரக்கணக்கான உண்மையான ஆய்வாளர்கள் நானும் ஹன்னாதான் என்று டிவிட்டரில் எழுதி அந்தப் படத்தைத் திரும்பப் பெற வைத்தார்கள். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2024க்கு நிர்ணயித்த தொடக்க போஸ்ட்டாக் தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். அதே ஆளுக்கு அதே திறமைக்கு மென்பொருள் நிறுவனம் தருவதோடு ஒப்பிட்டால் இது கைச்செலவுக் காசு.

இனி, இந்த வேலையில் சேர்ந்தவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? அல்காரிதம் எழுதுகிறார் என்று விளம்பரம் சொல்லும். உண்மையில் அவருடைய நேரத்தில் பெரும்பங்கு தரவைத் துடைப்பதில் போகிறது. மருத்துவமனை கொடுத்த ஸ்கேன் கோப்புகளிலிருந்து நோயாளியின் பெயரை நீக்க வேண்டும். ஒரே நோயாளி மூன்று எண்களில் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டியின் எல்லையை வரைந்து தரவேண்டிய மருத்துவரின் புறநோயாளி நேரம் முடியும் வரை வராந்தாவில் காத்திருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரவே மாதங்கள் ஆகும். திட்டத்தின் இரண்டு ஆண்டில் முதல் ஆண்டு இப்படிக் கரையும்.

துடைக்கும் வேலையை யாராவது ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்தால் அதன் பலன் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதற்கு எம்.ஐ.டி.–பி.ஐ.எச். தரவுத்தளம் சாட்சி. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் 1975 முதல் 1979 வரை பதிவான இ.சி.ஜி.க்கள். நாற்பத்தேழு பேரிடமிருந்து நாற்பத்தெட்டு பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஏறத்தாழ 1,10,000 இதயத் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பையும் இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியே குறித்தார்கள், ஒத்துவராத இடங்களில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். 1980இல் காந்த நாடாவில் வெளியிட்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜியாபு பானும் வில்லிஸ் டாம்ப்கின்ஸும் 1985இல் எழுதிய துடிப்பறியும் முறை, இசட்–80 என்ற எளிய சில்லிலேயே ஓடியது. இந்தத் தரவில் சோதித்தபோது 99.3 விழுக்காடு துடிப்புகளைச் சரியாகப் பிடித்தது. இன்றும் உயிர் மருத்துவப் பொறியியல் மாணவர் எழுதும் முதல் நிரல்களில் ஒன்று அதுதான். நாற்பது ஆண்டாகப் பல்லாயிரம் ஆய்வுக் கட்டுரைகள் அந்த நாற்பத்தேழு பேரின் நெஞ்சில்தான் நிற்கின்றன. நாற்பத்தேழு பேரிடம் கற்றது நம்மூர் வார்டில் படுத்திருப்பவருக்குப் பொருந்துமா என்று கேட்டால், அதைச் சோதிக்க இன்னொரு திட்டம் போட வேண்டும் என்பார்கள்.

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரொன்னபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் மூவரும் வெளியிட்ட ‘யூ–நெட்’ என்ற நரம்பு வலைப்பின்னல் இன்னொரு நல்ல உதாரணம். மருத்துவத்தில் லட்சக்கணக்கான படங்கள் கிடைக்காது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு, முப்பதே முப்பது நுண்ணோக்கிப் படங்களை வளைத்தும் இழுத்தும் பெருக்கிக் கற்பித்தார்கள். நிரலையும் எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். இன்று உடல் உறுப்புகளைப் படத்தில் பிரித்துக் காட்டும் எந்த ஆய்வைத் திறந்தாலும் யூ–நெட்டின் பெயர் இருக்கும். ரொன்னபெர்கர் பிறகு டீப்மைண்டுக்குப் போய்விட்டார். இதை ஆச்சரியமாக யாரும் பேசுவதில்லை.

கட்டுரை வெளியான பிறகு நிரலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தத் துறையின் பேசப்படாத பக்கம். மூளையின் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் உலகம் முழுவதும் மூன்று மென்பொருள்கள் புழங்கின. லண்டனின் எஸ்.பி.எம்., ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல்., விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய ஏ.எஃப்.என்.ஐ. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எக்லுண்டும் சகாக்களும், சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமானவர்களின் பதிவுகளை எடுத்து இந்த மென்பொருள்களில் லட்சக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தார்கள். இல்லாத மூளைச் செயற்பாட்டை இருப்பதாகக் காட்டும் தவறு ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சில அமைப்புகளில் அது எழுபது விழுக்காடு வரை போனது. ஒன்றில் பதினைந்து ஆண்டாக ஒரு பிழை நிரலுக்குள் இருந்தது, இவர்கள் நோண்டியபோதுதான் வெளிப்பட்டது. 2016இல் இது வெளியானபோது நாற்பதாயிரம் ஆய்வுகள் வீண் என்று பத்திரிகைகள் அலறின. கட்டுரையில் அதற்கு இடம் தந்த வரியை அதன் ஆசிரியர்களே திருத்திக்கொண்டார்கள், பாதிப்பு அதைவிட மிகக் குறைவு. எனக்கு உறைத்தது எண்ணிக்கை இல்லை. பதினைந்து ஆண்டில் அந்த நிரலை ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். பிழை தேடிப் பார்ப்பது அவர்களில் ஒருவருடைய வேலையாகவும் இல்லை.

பழைய நிரலைச் சோதித்துத் திருத்துகிறவருக்குக் கட்டுரை கிடையாது, கட்டுரை இல்லாதவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது. இந்த ஆட்களுக்கு ஒரு பெயராவது வேண்டும் என்று 2012இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பட்டறையில் கூடியவர்கள் ‘ரிசர்ச் சாஃப்ட்வேர் எஞ்சினியர்’ என்று சூட்டினார்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் பெயரில் இப்போது நிரந்தரப் பணியிடங்கள் இருக்கின்றன. நம் ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர் இன்னும் ‘ப்ராஜெக்ட் ஸ்டாஃப்’. ஆய்வகத்தில் பிரிண்டர் பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கற்கும் எந்திரங்கள் வந்தபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்ற ஒரு மாதிரியை ஜான் ஸெக்கும் சகாக்களும் 2018இல் ஆராய்ந்தார்கள். படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அது 99.9 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகச் சொன்னது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் படங்களில் நிமோனியா சுமார் 34 விழுக்காடு, தேசிய சுகாதார நிறுவனத்தின் படங்களில் சுமார் 1 விழுக்காடு. ஊரைத் தெரிந்துகொண்டால் பாதி நோயைத் தெரிந்துகொண்ட மாதிரி. நுரையீரலைப் பார்க்காமலேயே நல்ல மதிப்பெண் வாங்கலாம். 2020இல் வெகார்ட் அன்டுன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலானோர் எம்.ஆர்.ஐ. மீட்டுருவாக்கத்தில் நரம்பு வலைப்பின்னல்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்துக்கே தடுமாறுவதையும், சிறு கட்டியை மங்கவைத்துவிடுவதையும் காட்டினார்கள். இரண்டுமே பல்கலைக்கழகங்கள் பங்கெடுத்து, அடுத்தவர் கணக்கைக் குடைந்து பார்த்த வேலை. விற்பனைக்கு வைத்திருக்கும் நிறுவனம் இதைச் செய்யுமா என்று கேட்டால், செய்யலாம், வெளியிடுமா என்பதுதான் சந்தேகம்.

பொறியியலில் பிழையின் விலை உடனே தெரியும், மருத்துவத்தில் அது நோயாளியின் விதி என்று மறைந்துவிடும் என்றொரு பேச்சு உண்டு. ஆனால் மறையாமல் பாடமாக நின்ற விபத்துகளும் உண்டு. 1985 முதல் 1987 வரை தெராக்–25 என்ற கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சியது. நிரலில் இரண்டு செயல்கள் ஒன்றை ஒன்று முந்தும் பிழை, அதோடு பழைய கருவிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை நீக்கிவிட்டு நிரலையே நம்பிய முடிவு. நான்ஸி லெவெசன் அதைத் துருவி எழுதியது இன்று பொறியியல் வகுப்புகளில் பாடம். இப்படிப்பட்ட விபத்துகளின் தழும்பாகத்தான் மருத்துவ மென்பொருளுக்கு ஐ.இ.சி. 62304 போன்ற தரநிலைகள் வந்தன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு தேவையும் எந்த நிரல் வரியில் நிறைவேறுகிறது, எந்தச் சோதனையில் உறுதியானது என்று கோப்பு வைக்க வேண்டும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஜே.ஆர்.எஃப். இதை எப்போது செய்வார்? கைடு அவரிடம் கேட்பது இதழில் கட்டுரை, நிதி கொடுத்த அரசுத் துறை கேட்பது செலவுச் சான்றிதழ். இந்தக் கோப்பைக் கேட்கும் ஆள் ஆய்வகத்துக்குள்ளேயே வருவதில்லை.

அதனால் முடிக்கும் வேலை வெளியே போகிறது. கண்ணின் விழித்திரைப் படத்திலிருந்து நீரிழிவுப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் 2016ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பிக்க 1,28,175 படங்கள். அவற்றில் கணிசமானவை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் பெங்களூரு நாராயண நேத்ராலயாவிலிருந்தும் போனவை. எழுதியது கூகுள். பல்கலைக்கழகத்தில் இதே கணக்கில் அதற்கு முன்பே பல ஆண்டுகள் உழைத்தவர்கள் உண்டு, ஆனால் ஒரு லட்சம் படங்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அமர்த்தித் தரம் பிரிக்க எந்தத் திட்டமும் பணம் தராது. பிறகு அதே கருவி தாய்லாந்தின் பதினோரு கிளினிக்குகளுக்குப் போனபோது, முதல் ஆறு மாதத்தில் செலுத்திய 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று தள்ளியது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மெதுவாக இருந்தது, செவிலியர்கள் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லத் தயங்கினார்கள். அல்காரிதத்தில் தவறே இல்லாமல் தோற்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நிறுவனம் அதை மறைக்காமல் எழுதியதைப் பாராட்ட வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு 2011இல் தொடங்கிய எச்.டி.ஐ.சி. என்ற மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் பொறியாளர்களும் மருத்துவர்களும் தொழில் நிறுவனங்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். அதே ஐஐடியின் மூளை மையம் கருநிலைச் சிசுக்களின் மூளைகளை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாக எடுத்து, கணினியில் அடுக்கி, ‘தரணி’ என்ற பெயரில் 2024இல் உலகுக்குத் திறந்து வைத்தது. சீவலில் ஏற்படும் மடிப்பையும் கிழிசலையும் கணக்குப் போட்டுச் சரிசெய்யும் நிரல்காரர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. இதே வளாகத்தில்தான் ஒலி அலையை இரும்புக் குழாய்க்குள் அனுப்பி அரிப்பைத் தேடும் சோதனை மையமும் இருக்கிறது. கல்லீரலுக்குள் அனுப்பும் ஒலியும் குழாய்க்குள் அனுப்பும் ஒலியும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஓர் ஆய்வாளர் மதிய உணவு நேரத்தில் நடந்து போகலாம். அவருடைய ஒப்பந்தக் கடிதத்தில் இருக்கும் திட்டத்தின் பெயர் ஒன்றுதான், வருகைப் பதிவேடும் ஒன்றுதான்.

இனி, தொடங்கிய வடிகட்டிக்கே திரும்பலாம். லட்சுமிநாராயணன் பெங்களூரிலிருந்து பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். கணிதவியலாளர் கேபர் ஹெர்மன் இருந்த இடம். அங்கிருந்து 1975இல், எக்ஸ்ரே கதிர்கள் இணைகோடுகளாக வராமல் விசிறி போல விரிந்து வந்தால் கணக்கை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரு துறை அறிக்கை எழுதினார். இதழில் வந்த கட்டுரைகூட இல்லை, தொண்ணூற்றிரண்டு என்று எண்ணிட்ட உள் அறிக்கை. அடுத்த தலைமுறை ஸ்கேனர்களில் கதிர் விசிறியாகத்தான் வந்தது. இன்று பட மீட்டுருவாக்கம் படிக்கும் மாணவர் மேட்லாபில் அதற்கான கட்டளையைத் தட்டும்போது எந்த வடிகட்டி என்று கேட்கும் ஓர் இடம் இருக்கும். அதைப் பெரும்பாலானோர் நிரப்புவதில்லை. காலியாக விட்டால் மேட்லாப் தானாக எடுத்துக்கொள்வது ராம்–லாக்.